அந்த வீடியோவைப் பற்றி, இதோடு போதும்

மூன்று நாளாக ஆளாளுக்கு அந்த வீடியோவை எனக்கு அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன். ரொறன்ரோ ஸ்காபரோ மண்டபத்தில், கனடாவுக்குப் புதிதாக வந்த நம்மட ஆக்களுக்கு நடந்த வேலை இன்ரவியூப் பயிற்சி. பேசிய அண்ணனை எனக்கும் தெரியும், நல்ல மனுசன், இரவு இரண்டு மணிக்கும் எயார்போட்டுக்கு வந்து ஆக்களை ஏற்றுவார். ஆனால் "ஊரில கட்டின பாலத்தை இங்க ஒருத்தரும் கேக்கப் போறேல்ல, அதை மூடி வையுங்கோ" என்று மைக்கில் சொன்னாரே, அது எனக்குச் செமிக்கவில்லை.

மூடி வைத்துவிட்டு எதைக் கதைப்பது? கோப்பிக்கடையில் நின்ற ஆறு மாதத்தையா?

நான் வந்தது 2008இல். முதல் இன்ரவியூ மிசிசாகாவில். "மேலதிகாரியோடு முரண்பட்ட ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்றார்கள். "எங்கட சேர் தகப்பன் மாதிரி, நாங்கள் ஒருநாளும் முரண்பட்டதில்லை" என்றேன், பெருமையாக. எதிரே இருந்த பெண் பேனாவை மூடி வைத்தார்.

அது பச்சைப் பொய் வேறு! 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு வீதி வேலையில் நின்றேன். ஒருநாள் மதகுக்குக் கலந்த கொங்கிறீற்றில் தண்ணீர் கூடிவிட்டது. கலவையைக் கூம்பில் நிரப்பி இறுக்கம் பார்க்கும் ஸ்லம்ப் ரெஸ்ற் செய்தால், கூம்பைத் தூக்கிய கையோடு கூழாகச் சரிந்தது. ஊற்றவிடாமல் மறித்தேன். சேர் எல்லாருக்கும் முன்னால் ஏசினார். அடுத்த நாள் அவரே தேத்தண்ணி வாங்கித் தந்தார். மிசிசாகாவில் கேட்டது இந்தக் கதையைத்தான். கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு எனக்குச் சொல்லித் தந்தது தொழிற்சாலை இரவு ஷிஃப்ற்றில் பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் அக்கா. நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், முடிவு என்ன. ஸ்ரார் முறை என்பார்கள், பெரிய ரகசியம் இல்லை. இடைவேளையில் என்னைச் சொல்லவைத்து, நான் "நாங்கள்" என்று தொடங்கும்போதெல்லாம் மேசையில் தட்டுவார். யார் அந்த நாங்கள்?

"நான் செய்தேன்" என்றால் நமக்குத் தலைக்கனம், வளர்ப்பு அப்படி. இன்ரவியூவுக்கு ஆயத்தப்படுவது என்றால் அந்தக் கூச்சத்தை உடைப்பது. ஊரை மறைப்பதல்ல. திரும்பவும் சொல்கிறேன், ஊரை மறைப்பதல்ல.

"கனேடிய அனுபவம் கேப்பாங்களே" என்று வருவீர்கள். எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலாளர் உரிமம் கொடுக்கும் அமைப்பே அந்த நிபந்தனையை 2023 மே மாதம் தூக்கிவிட்டது. 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அப்படிக் கேட்பதற்கு 2026 ஜனவரி 1 முதல் தடை. சட்டம் வேறு, கேட்கிறவன் மனம் வேறு என்பீர்கள். சரி, அதற்காக அவன் தட்டிக் கழிக்க முதல் நாமே நம்மைத் தட்டிக் கழிப்பதா?

அதே வீடியோவில் அண்ணன் பெயரைச் சுருக்கச் சொன்னது பற்றி... தெரியும். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஒரியோபோலஸ் ஆயிரக்கணக்கில் கற்பனை ரெசுமேக்களை அனுப்பிப் பார்த்தவர். தகுதி ஒன்றாக இருந்தும் ஆங்கிலப் பெயருக்குத்தான் கூட அழைப்பு. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அலுவலகத்தில் நானும் வெறும் 'சிவா'தான். ஆனால் அது வேலை கிடைத்த பிறகு நானாகச் சுருக்கியது. அது வேறு. (வேறா என்று மகள் கேட்பாள். அது இன்னொரு நாள்.)

உண்மையில் என்னை நித்திரை கொள்ளவிடாதது பெயரும் இல்லை, பாலமும் இல்லை. அந்த வீடியோவில் முன்வரிசையில் இருந்த அக்கா. பதினான்கு வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவர். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றதும் எழும்பி நின்று, "நான் பிறந்தது பருத்தித்துறை" என்று தொடங்கினார். மண்டபமே சிரித்தது. வீடியோ எடுத்தவரும் சிரித்திருக்கிறார், படம் ஆடுகிறது. பிறந்த இடம், கலியாணம், பிள்ளைகள் எல்லாம் இங்கே சொல்லத் தேவையில்லை அக்கா, செய்த வேலையிலிருந்து தொடங்குங்கோ என்று ஒரு வரியில் முடிந்திருக்கும்.

"பகிடிக்குத்தானே, ஏன் பெரிசாக்கிறீங்கள்?" பகிடிதான். வெள்ளைக்காரன் சிரித்திருந்தால் இந்நேரம் கண்டன அறிக்கை வந்திருக்கும். நம்மட ஆக்கள் சிரித்தால் பயிற்சி.

அவர் பிறகு வாயே திறக்கவில்லை. மடியில் இருந்த மஞ்சள் ஃபைலின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். அதை ஒருத்தரும் பார்க்கவில்லையா?

அந்த அக்காவைத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கோ, சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான். மஞ்சள் ஃபைலோடு வரட்டும். மேசையில் தட்ட நான் இருக்கிறேன்.