குறைவது உதைப்பா, எகிறலா?
கைத்துப்பாக்கியில் முனைப் பக்கம் மேலே துளையிட்ட பேரல் (குழல்) போட்டால், சுடும்போது பின்னுதைப்பே இருக்காது என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. மேல்துளை வழியாக வாயு பீய்ச்சும்போது குறைவது பெரும்பாலும் துப்பாக்கி முனை மேலே எகிறுவதுதான். உள்ளங்கையில் விழும் இடி அந்த அளவுக்குக் குறையாது. ஆனால் குறி சீக்கிரம் இலக்குக்குத் திரும்பிவிடும், அடுத்த குண்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! வாயு அதிகம் கிளம்பும் தோட்டாவில்தான் பலன் நன்றாகத் தெரியும். ஐபிஎஸ்சி என்ற துப்பாக்கிச் சுடும் போட்டியில், இப்படி மாற்றியமைத்த துப்பாக்கிகளை அனுமதிக்கும் ஓப்பன் பிரிவில் .38 சூப்பர் என்ற தோட்டா பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மென்மையான பயிற்சித் தோட்டாவில் வித்தியாசம் சொற்பம். அந்தத் தோட்டாவோடு காம்பன்சேட்டர் (வாயுவை மேலே திருப்ப முனையில் மாட்டும் துண்டு) மாட்டினால், சுட்டதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகமான ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் சிக்கக்கூடும், அதைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிவரலாம். அப்புறம், உடம்போடு ஒட்டிப் பிடித்துச் சுட்டால் சூடான வாயுவும் துகளும் முகத்துக்கே வரும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.