எவ்வளவு குலைப்பது?

என் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் சதுரங்களின் படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "இது எந்த ஏஐயில் போட்டது?" என்று கேட்டார். அவர்மீது குற்றமில்லை, கணினியில் பிறந்த படம் என்றாலே இன்று எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் படம் நான் எழுதிய நாற்பது வரி நிரலிலிருந்து வந்தது. ஒரு கோடு எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு சாயலாம், எந்த அளவைத் தாண்டிச் சாயக் கூடாது என்பதெல்லாம் அந்த நாற்பது வரிகளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. "அப்படியானால் வரைந்தது நீங்களா, கணினியா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அறுபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்விதான் இது.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஏ. மைக்கேல் நோல், 1960களில் தம் கணினிப் படமொன்றுக்குப் பதிப்புரிமை பெற விண்ணப்பித்தபோது, எந்திரம் வரைந்ததைப் பதிவு செய்ய இயலாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நிரலை எழுதியவன் மனிதன்தான், அதில் ஒழுங்கும் தற்செயலும் கலந்திருக்கின்றன என்று அவர் விளக்கினார். தற்செயலுக்குப் பதிவு கிடையாது என்று மீண்டும் மறுப்பு வந்தது. அந்த எண்கள் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தற்செயலாகத் தெரிகின்றன, அவற்றைப் பிறப்பிப்பது முழுக்க முழுக்கக் கணக்கு என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகே பதிவு கிடைத்தது. நிரல் எழுதுபவர்களுக்கு இது அன்றாட அனுபவம். 'ரேண்டம்' என்று நாம் அழைப்பது, தொடக்கமாகக் கொடுக்கும் ஒரு விதை எண்ணிலிருந்து புறப்படும் கணக்குத் தொடர். அதே விதையை மறுபடி கொடுத்தால் அதே படம், கோடு பிசகாமல், மறுபடி வரும்.

நோல் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பேர் பெற்றது. டச்சு ஓவியர் பீட் மோந்திரியான் 1917இல் தீட்டிய, குறுங்கோடுகளாலான ஓவியம் ஒன்றையும், அதைப் போலத் தாம் 1964இல் கணினியைக் கொண்டு உருவாக்கிய படத்தையும் ஆய்வக ஊழியர்கள் 100 பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினிப் படமே அதிகம் பிடித்திருந்தது. எது கணினியுடையது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். எந்திரம் ஓவியனை வென்றுவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊழியர்கள் பார்த்தவை இரண்டுமே ஒளிநகல்கள். வண்ணப்பூச்சின் கனமும் தூரிகையின் தடமும் நகலெடுத்த அன்றே போய்விட்டன. என்னை யோசிக்க வைப்பது வேறு. ஒழுங்காக இருந்த மோந்திரியானைப் பலர் எந்திரத்தின் வேலை என்றும், சிதறிக் கிடந்த கணினிப் படத்தை மனிதனின் வேலை என்றும் நினைத்தார்கள். ஒழுங்கு குலைந்திருந்தால் அங்கே ஒரு கை இருந்திருக்க வேண்டும் என்று நம் கண் நம்புகிறது. நிரல் எழுதிப் படம் பிறப்பிக்கும் இந்தக் கலையில் மனிதனின் வேலை எது என்று கேட்டால், எவ்வளவு குலைப்பது என்று முடிவு செய்வதுதான் என்பேன்.

கியார்க் நேஸ் என்ற ஜெர்மானியர் 1960களின் பிற்பகுதியில் பிளாட்டர் (கணினி சொல்லும் வழியில் பேனாவை நகர்த்தி வரையும் எந்திரம்) கொண்டு வரைந்த 'ஷோட்டர்' படத்தைப் பாருங்கள். சரளைக்கல் என்று பொருள். வரிசைக்கு 12 சதுரங்கள், மொத்தம் 22 வரிசைகள். மேல் வரிசைகள் அளவெடுத்து அடுக்கியவைபோல் நேராக நிற்கின்றன. கீழே வரவர ஒவ்வொரு சதுரமும் சற்றே திரும்புகிறது, சற்றே இடம் பெயர்கிறது, கடைசி வரிசைகளில் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. நான் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடும் இடம் அடிப்பகுதியிலுள்ள சரிவு அன்று. மேலிருந்து சில வரிசைகள் தள்ளி, இது சாய்ந்திருக்கிறதா அல்லது என் கண்தான் ஏமாற்றுகிறதா என்று சொல்ல முடியாத அந்த இடம்.

இதைப் பார்த்து நானும் ஒன்று செய்யப் போனேன். முதலில் எல்லாச் சதுரங்களுக்கும் ஒரே அளவு குலைவைக் கொடுத்தேன். கிடைத்தது சுவர்த்தாளுக்கு ஆகக்கூடிய ஓர் அச்சடி. குலைவை வரிசை எண்ணால் பெருக்கியதும் படத்துக்கு ஒரு திசை வந்தது. பிறகு சாய்வின் உச்ச வரம்பில் மட்டும் மூன்று நாட்கள் போயின: 45 பாகை வைத்தால் கூச்சல், 10 பாகை வைத்தால் அச்சுப்பிழை. தெரிந்தவர் ஒருவரின் பழைய பிளாட்டரில் போட்டுப் பார்த்தபோது திரையில் தெரியாத ஒன்று தெரிந்தது. பேனா தாளைத் தொடும் இடத்திலும் எழும் இடத்திலும் மை ஒரு கணம் ஊறி, ஒவ்வொரு சதுரத்தின் ஒரு மூலையில் மட்டும் கடுகளவு கரும்புள்ளி விழுந்திருந்தது. சதுரங்கள் கீழே சரியச் சரிய அந்தப் புள்ளிகளும் திரும்பியிருந்தன. எந்தச் சதுரம் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை அவற்றை வைத்தே சொல்லிவிடலாம்.

ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஓவியர் வேரா மோல்னார் இந்த விஷயத்தை எல்லோரையும்விடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர். கணினி கைக்கு வருவதற்கு முன்பே, 1959 முதல், 'கற்பனை எந்திரம்' என்று தாம் பெயரிட்ட முறையில், விதிகளைத் தாமே வகுத்து அவற்றைக் கையாலேயே படிப்படியாக நிறைவேற்றி வரைந்தார். 1968இல்தான் உண்மையான கணினி கிடைத்தது. அவர் விரும்பிய குலைவின் அளவு ஒரு சதவீதம். 2023 டிசம்பரில், தம் 99ஆம் வயதில் மறையும்வரை சதுரங்களும் கோடுகளும் அவருக்குச் சலிக்கவில்லை.

இன்று கருவிகள் எளிதாகிவிட்டன. 2001இல் வெளிவந்த, நிரலால் படம் வரைவதற்கான 'புராசஸிங்' என்ற மென்பொருள் போன்றவற்றை ஒரே மாலையில் கற்றுக்கொண்டு, இரவுக்குள் ஆயிரம் படங்களை உருவாக்கிவிடலாம். ஆயிரத்தையும் காட்டுவதுதான் எனக்குள்ள மனக்குறை. அந்த ஆயிரத்தில் 999ஐ ஒதுக்கும் பொறுப்பைப் பார்ப்பவன் தலையில் கட்டுபவர், வேலையைப் பாதியில் விட்டவர். பார்க்கும் நம்மிடமும் ஒரு சோம்பல் இருக்கிறது: 'அருமையான டிசைன்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இந்தப் படத்தின் விதி என்ன, அது எந்த இடத்தில் தளர்கிறது என்று ஒரு நிமிடம் தேடினாலே, படம் வேறாகத் தெரியத் தொடங்கும்.

நான் ஏறத்தாழ இருநூறு விதை எண்களைப் போட்டுப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டேன். அதிலும் இடது ஓரத்தில், கீழிருந்து இரண்டாம் வரிசையில், ஒரு சதுரம் கூட்டத்தைவிட்டு அளவுக்கு மீறி விலகி நிற்கிறது. நிரலில் அந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதி உள்ளே தள்ளிவிடலாம். ஒரே வரி வேலை. அப்படிச் செய்தால் அது விதியிலிருந்து பிறந்த படமாக இருக்காது என்று ஒரு மனம் சொல்கிறது; குலைவின் அளவை முடிவு செய்பவன் நீதான் என்றால் இதையும் நீயே முடிவு செய்யலாமே என்று இன்னொரு மனம் கேட்கிறது. இதுவரை அதை நான் தொடவில்லை. நண்பர் விரல் வைத்துக் காட்டியதும் அந்தச் சதுரத்தைத்தான்.