ஆமோஸின் கோபம் சந்தையைப் பார்த்தது

பைபிளின் பழைய ஏற்பாட்டில் கடவுளின் பெயரால் பேசிய எபிரேயத் தீர்க்கதரிசிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர்களின் சீற்றம் எல்லாம் சிலை வழிபாட்டின் மீதுதான் என்று அது ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அவர்களில் ஓசேயாவுக்கு அது பெருமளவு பொருந்தும், ஆமோஸுக்குப் பொருந்தாது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில், மன்னன் இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் வடக்கு அரசான இஸ்ரவேல் செழித்திருந்தபோது பேசியவர் ஆமோஸ். தெக்கோவா ஊர்க்காரர், மந்தை மேய்த்தவர். அவர் குற்றம் சாட்டுவது யாரை? மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமையின் பதரையும் விற்கிற வியாபாரியை. ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்கிறவனை. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று தவிக்கிற பக்திமானை! தந்தக் கட்டில்களில் சாய்ந்திருப்போரைச் சாடியதும் வெறும் மிகை அல்ல. அந்த அரசின் தலைநகரான சமாரியாவின் அகழாய்வில் தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

அவருடைய சாமர்த்தியத்தையும் கட்டுரை தொடவில்லை. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அண்டை நாடுகளை வரிசையாகத் தண்டிக்கிறார். கூட்டம் தலையாட்டியிருக்கும். பிறகு தெற்கு அரசான யூதா, கடைசியில் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலரே. இஸ்ரவேலின் வழிபாட்டுத் தலமான பெத்தேலின் ஆசாரியர் (பூசாரி) அமத்சியா, யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள் என்று விரட்டியதில் வியப்பில்லை.

கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. தாவீதின் விழுந்த கூடாரம், அதாவது தாவீது மன்னனின் வம்ச ஆட்சி, மீண்டும் எழும் என்கிற ஆமோஸ் நூலின் இறுதி வரிகள் பிற்காலச் சேர்க்கை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தொனி அவ்வளவு திடீரென்று மாறுவதால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.