வரி குறைந்தால் அக்காவுக்கு என்ன குறையும்?

எங்கள் குடும்பத்தில் மூன்று சம்பளம். அக்கா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். நான் ஹட்டனில் ஆசிரியர். தம்பி கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறான். மூன்று பேரும் ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்), ஒரே அடுப்பில் சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்கள். "வரியைக் குறைத்தால் எல்லாருக்கும் நல்லதுதானே" என்று போன வாரம் ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று சம்பளத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு பெரிய வரிக் குறைப்பு வந்தது, ஞாபகம் இருக்கும். 15 சதவீதமாக இருந்த வற் வரி (பெறுமதி சேர் வரி) டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து 8 சதவீதம் ஆனது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்று 2 சதவீதம் அறவிட்டதையும் எடுத்துவிட்டார்கள். சம்பளக்காரர் வருஷத்துக்கு 12 இலட்சத்துக்கு மேல் உழைத்தால் வருமான வரி கட்ட வேண்டும் என்று இருந்தது 30 இலட்சமாக உயர்ந்தது. சம்பளத்திலேயே பிடிக்கிற வரியையும் 2020 ஜனவரியோடு நிறுத்தினார்கள்.

அந்த நேரம் தம்பிக்கு மாதம் 2 இலட்சம் சம்பளம். பழைய கணக்கில் அவனுக்கு மாதம் 6,000 ரூபா வரி. ஜனவரிச் சம்பளத்தில் அந்த 6,000 முழுதாகக் கையில் வந்தது. அவனுடைய மேலதிகாரி ஒருவருக்கு 3 இலட்சம். அவருடைய வரி மாதம் 20,000 இலிருந்து 3,000 ஆக இறங்கியது. எனக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் ஆசிரியர் சம்பளம் பழைய எல்லையையே எட்டவில்லை.

அக்காவுக்கு அப்போது நாள் சம்பளம் 700 ரூபா, அதோடு ஒரு 50. மாதத்தில் இருபது பேர், அதாவது இருபது முழுநாள் சம்பளம், விழுந்தால் பெரிய விஷயம். மழைக்காலத்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள். அவர் வருமான வரி என்ற சொல்லைக் கேட்டிருக்கிறாரே தவிர, அது அவர் வாசல் பக்கம் வந்ததே இல்லை. அவர் கட்டுவது எல்லாம் கடையில்தான். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், பிள்ளைகளின் சப்பாத்து, போனுக்கு ரீலோட். அரிசி, பாண், மரக்கறி போன்றவற்றுக்கு வற் கிடையாது, அதனால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. வற் விழுகிற சாமான் மாதம் 4,000 ரூபாவுக்கு வாங்கினார் என்று வையுங்கள். 15 ஐ 8 ஆகக் குறைத்ததில், கடைக்காரர் ஒரு சதம் விடாமல் விலையைக் குறைத்திருந்தால்கூட, அக்காவுக்கு மிஞ்சியிருக்க வேண்டியது மாதம் 245 ரூபாவுக்கும் குறைவு.

அதுவும் மிஞ்சவில்லை. அந்த டிசம்பரில் நத்தார் லீவுக்குத் தம்பி வந்திருந்தான். வரி குறைந்ததைப் பற்றி அவன் சந்தோஷமாகச் சொன்னபோது அக்கா கேட்டார்: "அப்படியா தம்பி? நான் நேத்து வாங்குன சவக்காரம் அதே வெலதானே?" உண்மைதான், அதே விலைதான். ரீலோட் போடும்போது மட்டும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. அதில் தொலைத்தொடர்பு வரியையும் சேர்த்துக் குறைத்திருந்தார்கள்.

ஏன் விலை இறங்கவில்லை? கடைக்காரர் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். லயத்துக் கடை நடத்துகிறவர் வற்றுக்குப் பதிவு செய்தவர் இல்லை. அவர் டவுனில் மொத்தக் கடையில் எடுக்கும்போதே வரி விலைக்குள் இருக்கிறது. வரி குறைந்தால் முதலில் கம்பனி விலையைக் குறைக்க வேண்டும், பிறகு மொத்த வியாபாரி, பிறகு டவுன் கடை, பிறகு எங்கள் கடை. ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் "இதை நான் வைத்துக்கொள்கிறேனே" என்று நினைத்தால் போதும். அதிலும் வாங்குகிறவருக்கு வேறு கடை இல்லை, கையில் காசும் இல்லை, கடன் கொப்பியில் எழுதி வாங்குகிறார் என்றால் விலையைப் பற்றிப் பேரம் பேச அவருக்கு எந்தப் பலமும் கிடையாது. தம்பிக்குக் குறைந்த வரி சம்பளப் பட்டியலில் நேராக விழுந்தது. அக்காவுக்குக் குறைந்த வரி நான்கு பேர் கையைத் தாண்டி மலை ஏறி வர வேண்டியிருந்தது.

இதற்குச் சீனியைப் போல நல்ல உதாரணம் இல்லை. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். ஐம்பது ரூபா, இருபத்தைந்து சதமாக. எங்கள் ஆட்களுக்குச் சீனி எவ்வளவு முக்கியம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் மலைக்குப் போகும் முன் ஒரு பிளேன்டீ, பத்து மணிக்கு ஒன்று, வந்த பிறகு ஒன்று. கறி இல்லாத நாளில் ரொட்டியோடு சீனித் தேத்தண்ணிதான் சாப்பாடு. கிலோவுக்கு ஐம்பது ரூபா குறைந்திருந்தால் அந்த வருஷம் ஒவ்வொரு லயத்துக் காம்பராவும் அதை உணர்ந்திருக்கும். ஒருவரும் உணரவில்லை. அரசாங்கத்துக்கு சுமார் 16 பில்லியன் ரூபா வருமானம் போனதாகப் பிறகு கணக்கு வந்தது. இறக்குமதி செய்தவர்களிடம் இலாபம் தங்கியது. 2021 ஆகஸ்டில் சீனி கிலோ 200 ஐத் தாண்டியது. ஏழை வாங்குகிற பண்டத்தின் வரியைக் குறைத்தால் ஏழைக்குப் போய்ச் சேரும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவன்தான். சீனிக்குப் பிறகு, விலையைக் கண்காணிக்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.

சரி, அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே, நஷ்டமும் இல்லையே என்று கேட்கலாம். எனக்கு மனது கொதிப்பது இந்த இடத்தில்தான்.

2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 11 சதவீதமாக இருந்த வரி வருமானம் 2021 இல் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. நாட்டின் கடன் தரம் இறங்கியது, வெளியில் கடன் எடுக்க முடியவில்லை, பணத்தை அச்சடித்தார்கள். வரிக் குறைப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்வது நியாயம் இல்லை. ஈஸ்டர் தாக்குதல் இருந்தது, கொரோனா இருந்தது, பழைய கடன் மலைபோல் இருந்தது, 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்திய முடிவும் இருந்தது. ஆனாலும் கஜானாவில் ஓட்டையைப் போட்டது அந்தக் குறைப்பு. பொருளாதார நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்த வரிக் குறைப்பும் பேசப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உணவுக்கு மட்டும் எடுத்தால் 95 சதவீதத்துக்குப் பக்கம்.

அந்த வருஷம் அக்கா வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் இல்லாமல் ஈர மிளாறு (விறகு) பற்றாது. அடுப்பு மூட்டவே ஒரு போத்தல் வேண்டும். மாவுக்கு வரிசை, பிறகு மா இருந்தும் வாங்கக் காசு இல்லை. ரொட்டியின் அளவு சின்னதாகிக்கொண்டே வந்தது. மூத்தவன் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனதை அக்கா என்னிடம் மறைத்தார், பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது. என் வகுப்பிலும் பத்து மணிக்கு மேசையில் தலை வைத்துப் படுத்த பிள்ளைகளைப் பார்த்தேன். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய சம்பளம்? 2021 மார்ச்சில் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆகும் வரை அதே 1,000 தான். விலை எல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆன காலம் முழுக்க அதே ஆயிரம். தம்பிக்கு 2020 இல் மாதம் 6,000 கிடைத்தது. அதற்கான பணத்தில் ஒரு பங்கை அக்கா 2022 இல் ரொட்டியைச் சின்னதாக்கிக் கட்டினார். தம்பியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவனிடமும் இதே வார்த்தையில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், பிறகு அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் காசைக் கூட்டினான்.

ஓட்டையை அடைக்கத் தொடங்கியபோதும் முதலில் தொட்டது கடைச் சாமானைத்தான். 2022 ஜூனில் வற் 12 ஆனது, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. கேஸுக்கும் பெற்றோல் டீசலுக்கும்கூட வற் வந்தது. இடையில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று 2.5 சதவீதம். தம்பியையும் விடவில்லை. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைத்தால் 6 சதவீதத்தில் தொடங்கி 36 வரை வரி. அவன் அப்போது 3 இலட்சம் எடுத்தான், வரி மட்டும் 35,000. வாடகை, வட்டி ஏறிய வங்கிக் கடன் எல்லாம் போக அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அவனுடைய நண்பர்கள் பலர் அந்த வருஷம்தான் நாட்டை விட்டுப் போனார்கள். அதனால் 2025 ஏப்ரலில் வரிவிலக்கு எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்ததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். 1,50,000 எடுப்பவருக்கு 3,500 மிச்சம். 2 இலட்சம் எடுப்பவருக்கு 7,500. தம்பிக்கு 35,000 என்பது 18,500 ஆனது, அதாவது மாதம் 16,500 மிச்சம்.

ஆனால் அந்த ஏப்ரலிலும் அக்காவின் சவர்க்காரத்தில் 18 சதவீதம் அப்படியே இருந்தது.

உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் வற்றை எடுத்தார்கள், நல்லது. ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். அக்கா 2025 இல் வற் விழுகிற சாமான் மாதம் 8,000 ரூபாவுக்கு வாங்கினார் என்றால் அதற்குள் வரி 1,220 ரூபா. அப்போதைய 1,350 ரூபா நாள் சம்பளத்தில் அது கிட்டத்தட்ட ஒரு நாள் பேர். மாதத்தில் ஒரு நாள் அட்டைக் கடியில் நின்று எடுக்கும் கொழுந்து முழுக்க வற்றுக்கு. இருபத்திரண்டு நாள் வேலை செய்து ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) போகக் கையில் வந்த 27,000 சொச்சத்தில் அது நாலரை சதவீதம். தம்பி மாதம் 60,000 ரூபாவுக்கு வற் விழுகிற சாமான் வாங்கினாலும் அதற்குள் 9,150 ரூபாதான் வரி, அவன் சம்பளத்தில் 3 சதவீதம். ரூபாவில் தம்பி கூடக் கட்டுகிறான், சுமையில் அக்கா கூடச் சுமக்கிறார். 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வறுமை 14.3 சதவீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் 33.8 சதவீதம். நெருக்கடிக்கு முன்னால் எடுத்த கணக்கு அது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாள் சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா ஊக்கத்தொகை கொடுப்பதாக அறிவித்தார்கள். இருபது நாளுக்கு 4,000 ரூபா. 2019 வரிக் குறைப்பு அக்காவுக்குத் தந்திருக்கக்கூடிய 245 ரூபாவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 4,000 வரிப் பணத்திலிருந்துதான் வருகிறது. அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு, பள்ளிக்கூடத்துச் சத்துணவு, டிக்கோயா ஆஸ்பத்திரி மருந்து எல்லாமே அப்படித்தான். எங்கள் மாதிரி ஆட்களுக்கு அரசாங்கத்தின் கையில் காசு இருப்பது முக்கியம். ஆகவே எல்லா வரியையும் குறை என்று நான் கத்த மாட்டேன். யார் கத்தினாலும் அந்தக் கூட்டத்தில் நிற்கவும் மாட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். வரி குறைக்க இடம் இருக்கிறது என்றால் அதை ஏழைகள் அன்றாடம் வாங்குகிற நாலைந்து பண்டத்தின் வற்றில் குறையுங்கள். குறைத்த பிறகு அந்த விலை நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் இறங்கியதா என்று ஆள் அனுப்பிப் பாருங்கள். இறங்காவிட்டால் அந்த வரியைத் திரும்ப அறவிட்டு அதே பணத்தை அஸ்வெசுமவில் போடுங்கள், அது நேராகக் கைக்கு வரும். மேலே இருப்பவர்களுக்குக் குறைப்பதாக இருந்தால், அந்தப் பள்ளத்தை எங்கிருந்து நிரப்பப் போகிறீர்கள் என்று அன்றைக்கே சொல்லுங்கள். மூன்று வருஷம் கழித்து மண்ணெண்ணெய் விலையில் எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது கடைக் கொப்பியை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். அடுத்த வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கிற அன்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கப் போகிறேன். உங்கள் வீட்டுக் கொப்பியையும் எடுத்துப் பாருங்கள். அரிசி, மா, பாண், மரக்கறி போன்ற வற் இல்லாத சாமானை விட்டுவிட்டு மிச்சச் சாமானின் தொகையைக் கூட்டி, 18 ஆல் பெருக்கி 118 ஆல் வகுத்தால் நீங்கள் இந்த மாதம் கட்டிய வற் கிட்டத்தட்ட வந்துவிடும். எத்தனை நாள் பேர் என்று கீழே எழுதுங்கள்.