மிட்ஸைக் கொல்லாதீர்கள் மக்களே

த்ராஷ் மெட்டலில், அதாவது அதிவேக மெட்டல் இசையில், எனக்கு ஆகப் பிடித்த கிட்டார் டோன் (ஒலியின் தன்மை) ஸ்லேயர் பேண்டின் ‘ரெய்ன் இன் ப்ளட்’. 1986-இல் வந்த ஆல்பம். பத்துப் பாட்டு, மொத்தமே 29 நிமிடம்தான். இதைச் சொன்னால் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துப் பையன்கள் சண்டைக்கு வருவார்கள். இங்கே எல்லோருக்கும் மெட்டாலிகாதான் முதல் தெய்வம். எனக்கும் மெட்டாலிகா உயிர், அதற்கும் வருகிறேன். ஆனால் டோன் என்று மட்டும் பேசினால் ஸ்லேயர்தான் முதலில். நம் பையன்கள் வெட்டி எறிகிற மிட்ஸ், அதாவது நடு அலைவரிசைகள், எவ்வளவு முக்கியம் என்பதற்கும் அதுவே சாட்சி.

முதல் காரணம், அந்தப் பதிவில் எதிரொலியே கிடையாது. அதற்கு முந்தைய வருடம் வந்த ‘ஹெல் அவெய்ட்ஸ்’ ஆல்பத்தில் ரிவெர்பை, அதாவது அந்த எதிரொலியை, அள்ளிக் கொட்டியிருப்பார்கள். நல்ல நல்ல ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு) எல்லாம் மங்கிக் கிடக்கும். அப்புறம்தான் ரிக் ரூபின் வந்தார். ஹிப் ஹாப் பதிவுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவர், மெட்டல் வழக்கங்கள் எதற்கும் கட்டுப்படாதவர். சவுண்ட் இன்ஜினியர் ஆண்டி வாலஸ். இரண்டு பேரும் சேர்ந்து ரிவெர்பைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டார்கள். அந்த வேகத்தில் வாசிக்கும்போது ஒரு வெட்டின், அதாவது கம்பியில் விழும் ஒரு அடியின், வால் அடுத்த வெட்டின் தலையில் விழுந்தால் மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே. வாலை நறுக்கிவிட்டதால் கிட்டார் வாசிக்கும் கெர்ரி கிங், ஜெஃப் ஹன்னமன் இருவரின் வலது கையும் அப்படியே காதுக்குள் வந்து நிற்கிறது. பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகடு, கம்பியில் உரசுகிற அந்தச் சின்னச் ‘சரக்’ கூடக் கேட்கும்.

கெர்ரி கிங் என்றாலே மார்ஷல் ஜேசிஎம் 800 ஆம்ப், கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி. அந்த ஆம்ப்பின் குணமே மிட்ஸை முன்னால் தள்ளிக் காட்டுவது. இதே ஆல்பத்தின் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாட்டின் நடுவில் வேகம் இறங்கி அந்த ரிஃப் தொடங்குகிற இடத்தைக் கவனியுங்கள். கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் வாசிக்கிறார்கள். டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது, நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறது. பயமுறுத்துகிற வேலையைச் செய்வது கை. எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் முதுகுத்தண்டு சிலிர்க்கிறது.

சரி, மெட்டாலிகா. 1984 ஜனவரியில் பாஸ்டனில் அவர்களுடைய கருவிகள் திருடு போயின. பாடகரும் ரிதம் கிட்டார் வாசிப்பவருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்குப் பிரியமான மார்ஷல் ஆம்ப்பும் அதோடு போனது. அடுத்த மாதமே கோபன்ஹேகனில் ஃப்ளெமிங் ராஸ்முசனின் ஸ்டுடியோவில் ‘ரைட் த லைட்னிங்’ பதிவு. புதிதாக ஒரு டோனைத் தேடியே ஆக வேண்டிய நிலைமை. அந்தத் தேடலின் உச்சம் அதே ஸ்டுடியோவில் 1985-இல் பதிவாகி 1986 மார்ச்சில் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’. அதில் மெசா பூகி மார்க் 2 சி ப்ளஸ் ஆம்ப்பின் ப்ரீ ஆம்ப்பை (டோனை உருவாக்கும் முன்பகுதி) எடுத்து மார்ஷலின் பவர் பகுதியோடு (சத்தத்தைப் பெருக்கும் பின்பகுதி) சேர்த்தார்கள். அதன் மேல் ஹெட்ஃபீல்டின் டவுன் பிக்கிங், எல்லா அடியும் மேலிருந்து கீழே. ரப்பர் வெட்டுகிறவர் கத்தியை இழுக்கிற மாதிரி ஒரே ஆழம், ஒரே சாய்வு, கடைசி மரம் வரைக்கும் மாறாது. போதாததற்கு ரிதம் பகுதிகளை அவரே திரும்பத் திரும்ப வாசித்து இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று அடுக்கினார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போவதால்தான் அது சுவர் மாதிரி நிற்கிறது.

நம் பையன்கள் இந்த டோனிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. மெசா பூகி மார்க் ஆம்ப்பில் ஒவ்வொரு அலைவரிசையையும் ஏற்றி இறக்க ஐந்து ஸ்லைடர் இருக்கும்: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். நடுவில் உள்ள 750-ஐக் கீழே இறக்கி, இரண்டு ஓரங்களையும் ஏற்றினால் ஆங்கில ‘வி’ வடிவம் வரும். அதன் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, கையில் இருக்கிற ப்ராசஸரில் (ஆம்ப் ஒலியை நகலெடுக்கும் பெட்டி) மிட்ஸை பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், கீழ் ஒலியான பேஸையும் மேல் ஒலியான ட்ரெபிளையும் முழுசாகத் திருகிவிடுகிறார்கள். அந்த ஆம்ப் வேலை செய்கிற விதமே வேறு. அதில் பேஸ், மிட், ட்ரெபிள் திருகுகள் டிஸ்டார்ஷன் உண்டாவதற்கு முன்னால் வேலை செய்கின்றன, ஸ்லைடர்கள் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால். பேஸ் திருகை ஒன்றிலோ இரண்டிலோ வைத்து, மெலிந்த ஒலியை உள்ளே அனுப்பி, டிஸ்டார்ஷன் ஆகி வந்த பிறகு 80 ஹெர்ட்ஸ் ஸ்லைடரால் கனத்தைத் திரும்ப ஏற்றுவார்கள். உள்ளங்கையைக் கம்பியில் வைத்து அடக்கி வாசிக்கும் பாம் மியூட் இறுக்கமாக ‘டுக்’ என்று விழுவதற்கு அந்த முன்பாதிதான் காரணம். படத்தில் தெரிவது பின்பாதி மட்டும். பேஸை அளவில்லாமல் டிஸ்டார்ஷனுக்குள் தள்ளினால் கொழகொழவென்றுதான் வரும், எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கினாலும்.

எங்கள் ஊரில் ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கிற ஒரு அறையில்தான் பயிற்சி நடக்கும். தகரக் கூரை, சுவரெல்லாம் முட்டை அட்டை. வருகிற பையன்களில் பாதிப் பேர் சர்ச் கொயரில் கிட்டாரில் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்துப் பழகியவர்கள், கை நல்ல கை. தனியாக வாசிக்கும்போது அந்த ‘வி’ டோன் பிரம்மாண்டமாகத்தான் இருக்கும். ட்ரம்ஸ் தொடங்கியதும் கிட்டார் காணாமல் போய்விடும். “அண்ணா, மிட்ஸை ஏத்துனா மெட்டல் மாதிரியே இல்லியே” என்பார்கள். காரணம் ஒன்றும் மாயமில்லை. கிட்டாரின் தடித்த ஈ கம்பியே ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ்தான். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே கிக் ட்ரம்மும் பேஸ் கிட்டாரும் உட்கார்ந்திருக்கின்றன. மேலே சிம்பல்கள். கிட்டாருக்கென்று மிச்சமிருக்கிற சொந்த இடம் நடுப்பகுதி. அதையும் நாமே வெட்டி எறிந்துவிட்டால் அது எங்கே போய் நிற்கும்? அறையில் தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும் டோன்தான் பேண்டோடு சேரும்போது மிரட்டும்.

மெட்டாலிகாவின் ‘ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தை (1988) இதற்கு எதிர்ச்சாட்சியாகக் கொண்டுவருவார்கள். அதன் கிட்டார் டோன் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. பேஸுக்கான இடத்தையும் சேர்த்துக் கிட்டாரே எடுத்துக்கொண்ட பதிவு அது. மேடையில் உயிரோடு ஒரு பேஸ் வாசிப்பவரை நிறுத்திக்கொண்டு அதை அப்படியே செய்ய முடியாது. அவருக்கு அது நியாயமும் இல்லை.

கையில் இருப்பது சாதாரண ஆம்ப் என்றால் அந்தப் பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை ஆம்ப்புக்கு முன்னால் போடுங்கள். ட்ரைவ் (கரகரப்பு) குறைவாக, லெவல் (சத்த அளவு) கூடுதலாக. அது அடிப்பகுதியைக் கொஞ்சம் சீவிவிட்டு 700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை மேடாக்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

‘வால்வு ஆம்ப் இல்லாமல் மெட்டல் டோன் வராது’ என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. பான்டெராவின் டைம்பேக் டேரல் ‘கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்’ (1990), ‘வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்’ (1992) காலத்தில் வாசித்தது ராண்டல் நிறுவனத்தின் வால்வு இல்லாத ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில். மிட்ஸைக் குறைத்து வைத்தும் அவருக்கு எடுபட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த பேண்டில் ரிதமுக்கும் லீடுக்கும் அவர் ஒருவர்தான், போட்டிக்கு இன்னொரு கிட்டார் இல்லை. ரம்பப் பல் மாதிரியான அந்தக் கூர்மையும் அவருடைய கைக்கே உரியது.

மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ (1990) பற்றி ஒரு வார்த்தை. அந்த பேண்டின் டேவ் மஸ்டெய்ன் பவர் கார்டுகளுக்கு (இரண்டு ஸ்வரம் சேர்ந்த கார்டு) விரலை மாற்றி மாற்றி வைக்கிற முறை ஒன்றை வைத்திருக்கிறார், ஸ்பைடர் கார்டு என்பார்கள். கை முழுவதையும் கம்பியில் இழுக்காமலே அடுத்த கார்டுக்குத் தாவலாம், கம்பி உரசும் சத்தம் குறையும். ‘ஹோலி வார்ஸ்’ தொடக்கத்தில் இருக்கிற சுத்தத்தை ஆம்ப்பில் தேடாதீர்கள், இடது கை விரல்களில் தேடுங்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து கிரியேட்டரின் ‘ப்ளஷர் டு கில்’ (1986) இதற்கு நேர் எதிர். கரடுமுரடு, அடிக்கடி கலங்கும். அந்த வெறிக்கு அது பொருந்துகிறது, வேறு எங்கும் பொருந்தாது.

ஸ்லேயருக்கு அடுத்த இடம் என்னிடம் செபுல்துராவுக்குத்தான். ‘பினீத் த ரிமைன்ஸ்’, 1989. பிரேசிலின் பெலோ ஹொரிசான்டேயிலிருந்து வந்த இளைஞர்கள் 1988 டிசம்பரில் ரியோவில் இரவு இரவாக உட்கார்ந்து பதிவு செய்தது. ஃப்ளோரிடாவிலிருந்து ஸ்காட் பர்ன்ஸ் வந்து தயாரித்தார். மேக்ஸ் கவலேராவின் ரிதம் கிட்டாரில் ஒரு மணல் தன்மை இருக்கிறது, நெஞ்சில் அறைகிற மிட்ஸ் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய ஊர்களில் பிறக்காதவர்களும் உலகத்தரத்தில் ஒரு டோனை உண்டாக்கலாம் என்று முதலில் எனக்குக் காட்டியது அந்த ஆல்பம்தான். அதற்காகவே அதன்மேல் தனிப் பாசம்.

அப்படி ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. திருவனந்தபுரத்து கேயாஸ் பேண்டின் ‘வயலண்ட் ரிடெம்ப்ஷன்’, 2013. களியக்காவிளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊரிலிருந்து வந்த சுத்தமான த்ராஷ். எல்லைக்கு இந்தப் பக்கம் கிட்டார் தூக்குகிறவர்களில் பலர் இதைக் கேட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தம்பிகளே, ஹெட்ஃபீல்டின் செட்டிங் தேடுவதற்கு முன்னால் இதை ஒரு தரம் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வரும்போது மிட்ஸை ஆறில் வைத்துக்கொண்டு வாருங்கள், மீதியை ட்ரம்ஸ் ஓட ஓடப் பார்த்துக்கொள்ளலாம்.