கியூஆர் கோடு இருந்தால் பட்டா சரியென்று அர்த்தமில்லை

கம்ப்யூட்டரால் நன்மையா தீமையா என்று பொத்தாம்பொதுவாகப் பேசிப் பயனில்லை. நம்ம திருநெல்வேலிப் பக்கம் நிலக்கணக்கு கணினிக்குள் போன கதையைப் பார்த்தாலே இரண்டும் தெரிந்துவிடும்.

1980-ல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), முன்சீப் (ஊர்த் தலைவர்) பதவிகளை ஒழிக்கும்வரை ஊர்க்கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. அவர் எடுத்துக் காட்டினால்தான் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற பதிவேடு. இன்று மும்பையில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் புல எண்ணும் உட்பிரிவும் தெரிந்தால் பட்டாவைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம், அதாவது நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்ற விவரம், போட்டுப் பார்க்கக் காசு கிடையாது. விதவைகளும் தங்கள் பாகத்தைக் கேட்கும் பெண்பிள்ளைகளும் யார் வாசலிலும் நிற்காமல் தங்கள் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிகிறது. இதைவிடப் பெரிய நன்மை வேறு வேண்டாம்.

ஆனால் கணினி நிலத்தைப் போய்ப் பார்த்ததில்லை. 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யுடிஆர் என்று சொல்வதில், எழுதிய கணக்குதான் இன்றைய பதிவுகளுக்கு அடிப்படை. அதில் பக்கத்து உட்பிரிவின் பரப்பு ஏறியிருந்தால், கூட்டுப் பட்டாவில் ஒரு தம்பி பெயர் விடுபட்டிருந்தால், அது அப்படியே உள்ளே போனது. தட்டச்சு செய்தபோது புதிதாக விழுந்த பிழைகள் தனி. பழைய பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் மையும் சுருக்கொப்பமும் காட்டிக்கொடுக்கும். அச்சில் வரும் தாளில் தப்பும் சரியும் ஒரே அழகில் இருக்கின்றன. கீழே உள்ள கியூஆர் கோடு, அந்தத் தாள் அரசுப் பதிவோடு ஒத்துப்போகிறது என்று மட்டும்தான் சொல்லும். பதிவே தவறாக இருந்தால் அதற்கு என்ன தெரியும்?

அடுத்தது பெயர். பத்திரத்தில் ‘பேச்சிமுத்து’, பட்டாவில் ‘பேச்சி முத்து’, ஆதாரில் வேறு இனிஷியல். ஊருக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். நிலத்தைப் பிரிக்காமல் முழுதாக விற்கும் கிரயத்துக்குப் பட்டா தானாக மாறும் வசதி இருக்கிறது. விற்பவர் பெயர் பட்டாவோடு பொருந்தவில்லை என்றால் அது நடக்காது. தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் நிலங்களுக்கும் இதே கதிதான்.

பரப்பில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பட்டாவில் 0-12.50 என்றிருந்தால் அது பன்னிரண்டரை சென்ட் இல்லை, ஹெக்டேர்-ஏர் கணக்கு. ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக அந்த இடம் சுமார் 30.9 சென்ட். கோடகன் கால், கன்னடியன் கால் பாசன வயல்களின் பழைய பத்திரங்களில் மரக்கால் விதைப்பாடு, அதாவது இத்தனை மரக்கால் விதை விதைக்கும் இடம், என்றுகூட இருக்கும். அதை ஊர்வழக்குப்படி யாராவது சொன்ன கணக்கை வைத்து மாற்றாமல், நான்கெல்லையையும் புலப்பட அளவையும் வைத்துச் சரிபாருங்கள்.

மாவட்டப் பிரிவும் குழப்பும். 1986-க்கு முந்தைய திருச்செந்தூர்ப் பத்திரத்திலும், 2019 நவம்பருக்கு முந்தைய சங்கரன்கோவில் பத்திரத்திலும் மாவட்டம் திருநெல்வேலிதான். தளத்தில் இப்போது தூத்துக்குடி, தென்காசி என்று தேட வேண்டும். ‘ரிக்கார்டே இல்லை’ என்று பயந்து புரோக்கரிடம் ஓட வேண்டாம்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவானது மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் பல வழக்குகள் எதுவும் வராது. கணினியில் ஏறாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப்போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குதான். உரிமைக்கு ஆதாரம் தாய்ப் பத்திரத்தில், அதாவது நிலம் கைமாறி வந்ததைக் காட்டும் பழைய மூலப் பத்திரத்தில், இருக்கிறது. ‘எல்லாம் ஆன்லைனில் இருக்கே’ என்று பழைய காகிதங்களைக் கரையானுக்கு விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிழையைத் திருத்தப் போகும்போது கேட்கப்படுவதே அந்தக் காகிதம்தான்.

ஊருக்கு வரும்போது பட்டாவைப் பதிவிறக்கி, பெயர், தந்தை பெயர், நன்செயா புன்செயா, பரப்பு, குறிப்புரையில் இருக்கும் உத்தரவு எண், ஐந்தையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் தாய்ப் பத்திரம், பழைய பட்டா, தீர்வை ரசீது நகல்களோடு தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கோடையில் நடக்கும் ஜமாபந்தியிலும் (தாலுகாவில் நடக்கும் வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) கொடுக்கலாம். யுடிஆர் காலத்துப் பிழை என்றால் மனு தாசில்தாரைத் தாண்டி மேலதிகாரி வரைக்கும் போகலாம், நாளாகும். எல்லை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே தொடங்குங்கள்.