மூணாறில் கூட்டம் என்றால் யாரால் வர முடிகிறது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறை உள்ளடக்கிய தேவிகுளம் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரும் அந்தப் பள்ளிகளின் பழைய மாணவர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டங்களை இனி இணையவழியில் நடத்த வேண்டும் என்று சில காலமாகவே சொல்லி வருகிறேன். சமவெளி ஊர்களில் இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சாக இருக்கலாம். நம் மலையிலோ யார் பேசுகிறார்கள், யார் பேசாமலே போகிறார்கள் என்பதைக் கூட்டம் நடக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது.

மூணாறில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். மறையூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வட்டவடையிலிருந்தும் தொலைவுக்குக் குறைவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அதற்காக அன்றைய சம்பளத்தையே விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால், துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் அவருக்கு இருக்கும் ஒரே நாளை நாம் எடுத்துக்கொள்கிறோம். மாலையில் வைத்தால், சின்னக்கானல், பூப்பாறைப் பக்கத்தவர்கள் யானை நடமாடும் சாலையில் இருட்டில் திரும்ப வேண்டும். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் அந்த அச்சம் தீர்ந்துவிடவில்லை. மழைக்காலத்தில் கேப் ரோட்டில் மண் சரிந்தால் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையே அடைபட்டுப் போகிறது. ஆகவே டவுனில் கடை வைத்திருப்பவர்களும், சொந்த ஜீப்போ பைக்கோ உள்ள ஆண்களுமே பெரும்பாலும் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்கள் எடுக்கும் முடிவில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளி ஜீப் தோட்டத்தின் எந்த டிவிஷனோடு (பிரிவோடு) நின்றுவிடுகிறது, அங்கிருந்து லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் வரை பிள்ளை எந்த வழியாக நடந்து வருகிறது என்பதை அந்தத் தாய்தான் சொல்ல முடியும்.

அதே தாய், இரவு ஏழரை மணிக்குச் சமையல் முடிந்தபின், வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் பேசலாம். பேசத் தயங்குபவர் எழுதலாம். கல்வி அலுவலர் மலையாளத்தில் விளக்கும்போது, விவரம் தெரிந்த ஒருவர் உடனுக்குடன் அதைத் தமிழில் தட்டச்சு செய்து திரையில் போடலாம். நேர்க்கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கிசுகிசுத்துக் கேட்டு, பாதி புரிந்து, மீதியை விட்டுவிடுவதுதான் இதுவரை நடந்திருக்கிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்லியிருக்கும்போது, நம் கூட்டத்திலேயே நம் மக்கள் மொழியால் ஒதுங்கி உட்காருவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

வேலைக்காகத் திருப்பூர், கோவை, போடி என்று இறங்கிப்போன பழைய மாணவர்களும் இதனால் கூட்டத்துக்குள் வருவார்கள்.

முகம் பார்த்துப் பேசினால்தான் உறவு நிலைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டமும், பணக்கணக்கில் மனக்கசப்பு எழும்போது பேசித் தீர்க்கும் அமர்வும் நேரில்தான் நடக்க வேண்டும். மாதாந்தரக் கூட்டத்துக்கு அந்தக் கட்டாயம் தேவையில்லை. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 173 ஆவது பிரிவில், இயக்குநர்கள் காணொளி வழியாகக் கூட்டத்தில் கலந்துகொள்வதை ஏற்றுக்கொள்கிறது. கம்பெனி இயக்குநருக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை கொழுந்து பறிப்பவருக்கு ஏன் கூடாது?

சிக்னல்தான் மெய்யான இடைஞ்சல். படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் குறைந்த டேட்டாவே போதும். சிக்னலே எட்டாத லயங்களில், அது கிடைக்கும் ஒரு வீட்டிலோ வாசகசாலையிலோ நாலைந்து பேர் கூடி ஒரே கைப்பேசியில் கலந்துகொள்ளலாம். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடமும் கூகுள் மீட் 60 நிமிடமும்தான் தருகின்றன. அதற்குள் பேசி முடிக்கும் பழக்கம் நமக்கு நல்லதுதான். தீர்மானங்களை அன்றிரவே இரு மொழியிலும் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், வராதவர்களும் மறுநாள் கேள்வி கேட்க முடியும்.

ஜூனில் பள்ளி திறக்கும் வாரங்களில்தான் தென்மேற்குப் பருவமழையும் தொடங்குகிறது. வண்டி, சீருடை, ஆசிரியர் காலியிடம் என்று பேச வேண்டியவை குவியும் அந்த மாதத்துக் கூட்டத்தையே முதலில் இணையவழியில் வைக்குமாறு குழுப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டந்தோறும் இணைப்பைப் பெற்றுக்கொடுக்கும் வேலையை நானும் சில இளைஞர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.